பின்னால நின்னவனுக

ஏனுங் தம்பி, இது உக்கடம் போற வண்டிதானுங்களே? போர்டு பாத்தேன், வெயிலடிச்சு ஒரே பளபளப்பா இருந்துச்சு. உக்கடம்தானா? அப்பச் சரி. சித்தெ நகந்து உக்காருங்க. இல்லீங்க, ஜன்னலோரம் நீங்களே வச்சுக்குங்க, வேடிக்கை பாக்கற வேலை எனக்கில்ல. குரல் சின்னதா இருக்குது, அதான் தம்பிங்கறேன். வயசான ஆளா இருந்தாக் கோவிச்சுக்காதீங்க.

அடடா, குத்திருச்சுங்களா? மன்னிச்சுக்குங்க. பையில அம்பு இருக்குதுங்க. ஆமாங்க, வில்லு அம்புங்கறோமே, அந்த அம்புதான். ஒண்ணே ஒண்ணு. சிரிக்காதீங்க. கோயமுத்தூர்ல என்ற மக இருக்கறா, கவிதாமணின்னு. அவகிட்டக் காட்டறதுக்குக் கொண்டு போறேன். அப்பா, உங்க கண்ணு எதனால போச்சுன்னு ஒரு நாளைக்குக் கேப்பால்ல? இதனாலதான் சாமின்னு காட்டோணும்.

அய்யோ, கண்ணுல அம்பு பாயலீங்க. கண்ணுல அடிச்சா அவன் பகையாளி, போலீசுக்குப் போகலாம். இது சிநேகிதக்காரனுக பண்ணுனது, எங்க போயிச் சொல்ல? உங்ககிட்டத்தான் சொல்றேன். உக்கடம் வர்ற வரைக்கும் உங்களுக்கும் வேற வேலை இல்ல.

எனக்கு ஆனமலைப் பக்கமுங்க. பேரு ஆறுச்சாமி. தென்னந்தோப்பு. எங்க தோப்பு, மயில்சாமி தோப்பு, தண்டபாணி தோப்பு, மூணும் ஒட்டுனாப்பல ஒரே வாய்க்காத் தண்ணியில இருக்குது. மூணு பேரும் ஒண்ணாப் படிச்சு ஒண்ணாப் பெயிலானவங்க. மயில்சாமிக்கு வாய் ஓயாது. தண்டபாணி நேர்மாறு, வாயத் திறந்தா இருமறதுக்குத்தான். மூக்குப்பொடி போட்டுப் போட்டு அவனுக்கு ஒரு இருமல். கெக்கு, கெக்குன்னு ரெண்டு இருமி, அப்பறம் பெரிசா ஒரு மூச்சு உடுவான். இருட்டுக்குள்ள நூறு பேர் நின்னாலும் தண்டபாணி இங்கிருக்கறான்னு சொல்லிரலாம்.

தென்னையில ஏறுற எலி இருக்குதே, அது நம்ம ஊட்டு எலியாட்ட இல்லீங்க. மரத்து மண்டையிலயே கூடு கட்டிக் குடியிருக்கும். குரும்பைப் பிஞ்சக் கொறிக்கும், இளநியில ஓட்டை போட்டுக் குடிச்சுப்போட்டுக் கீழ தள்ளிரும். காத்தால தோப்புக்குள்ள போனா, கால்ல இடறுறதெல்லாம் ஓட்டைக் காயா இருக்கும், வயிறு பத்திக்கிட்டு எரியும். மருந்து வச்சோம். மயில்சாமி ஊட்டு நாய்தான் செத்துச்சு, எலி சாகல. மரத்தச் சுத்தித் தகரம் அடிச்சோம். அது பாட்டுக்கு மட்டைக்கு மட்டை தாவிப் போகுது. அப்பத்தான் மயில்சாமி இந்த வில்லுக் கூத்த ஆரம்பிச்சான். தோட்டத்துக்குப் போட்டது போக மிச்சங்கெடந்த பிவிசி பைப்ப அடுப்புல வாட்டி வளைச்சு, நைலான் கயித்தக் கட்டி, வில்லுன்னு கொண்டாந்தான். உழுந்து உழுந்து சிரிச்சோம். சும்மா ஒரு அம்பத் தொடுத்து உட்டுப் பாத்தா, வாழைமரத்துல பொதுக்குன்னு எறங்குது. அன்னைக்குப் புடிச்ச கிறுக்குங்க அது.

மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழமை மயில்சாமி தோப்புக்குப் போயிருவோம். அவன்றது பூராம் குட்டைத் தென்னை, மட்டையெல்லாம் தலைக்கு மேலதான் தொங்கும். ஒருத்தன் தொரட்டிய எடுத்துக் குருத்துப் பக்கம் ரெண்டு குத்துக் குத்துவான். எலி பதறிப்போயி மட்டை வழியா ஓடியாரும். அடுத்த மரத்துக்குத் தாவறதுக்கு முன்னால நுனியில வந்து ஒரு நொடி நிக்கும். அந்த நொடியில அம்பு பாயோணும். அணிலை மட்டும் தொட மாட்டோமுங்க, அது பாவம்.

அம்புக்கு மூங்கிக் குச்சி, முனைக்கு ஆணி, வாலுக்குக் கோழி இறகு. மயில்சாமி மருமகன் திருப்பூர்ல சாயப்பட்டறையில இருக்கறான், அவன் குடுத்த சாயத்துல இறக நனைச்சு ஆளுக்கொரு நிறம். எனக்குச் செவப்பு. மயில்சாமிக்கு மஞ்ச, தண்டபாணிக்குப் பச்சை. எலி மேல எவன் அம்பு நிக்குதோ அவன் அடிச்ச எலி. பொழுது சாஞ்சதும் தோட்டத்துச் சாளைக் குடிசையில கோழி வறுப்போம். அன்னைக்கு யார் அதிகமா அடிச்சானோ அவனுக்குத்தான் ஈரல். மத்தவன் எச்சி ஊறப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோணும். எங்க மூணு பேருக்கும் அது சட்டமுங்க.

ஈரல் யாருக்கு வந்துச்சுங்கறீங்க? எனக்குத்தான்! ஆரம்பத்துல மாறி மாறி வந்துச்சு. அப்பறம் ஒரு மூணு வருசமா எனக்கே எனக்கு. சொன்னா நம்ப மாட்டீங்க, நான் எலியப் பாத்துக்கூட அடிக்கறதில்லீங்க. சரசரன்னு சத்தம் வர்ற பக்கம் வில்லத் திருப்புவேன், உடுவேன், பொத்துன்னு உழுகும். மயில்சாமி ஓடிப்போயிப் பொறுக்கிட்டு வந்து, "இந்தா மச்சான், நடு முதுகுல!"ம்பான். எனக்குக் கைக்கே கண்ணு வந்திருச்சுன்னு நெனச்சேன்.

இன்னொண்ணு கேளுங்க. நான் வில்ல எடுத்தா ரெண்டு பேரும் ஓரடி எனக்குப் பின்னால வந்து நின்னுக்குவானுக. முன்னெல்லாம் ஆளுக்கொரு மூலையிலதான் நிப்போம். ஒருக்கா வேட்டையப்ப தண்டபாணிக்கு வேலியில முள்ளுக்கம்பி தொடையக் கிழிச்சுருச்சு. நல்ல ஆழமுங்க, ஒரு மாசம் படுத்துட்டான், இன்னமும் காலச் சாய்ச்சுத்தான் நடக்கறான். அதுக்கப்பறம்தான் இந்தப் பழக்கம் வந்துச்சு. நம்ம கைக்குக் குடுக்கற மரியாதைன்னு நெனச்சுக்கிட்டேன். மோட்டார் வண்டியும் அப்படித்தான். என்னை ஓட்டவே உட மாட்டானுக. "நீ ராசாவாட்டப் பின்னால உக்காரு மச்சான்"ம்பான் மயில்சாமி. ராசாவாட்ட உக்காந்துக்குவேன்.

கண்ணுல லேசா ஒரு பொகை இருந்துச்சுங்க, இல்லேங்கல. ஓரத்துல ஆள் வந்தாத் தெரியாது, மேல வந்து முட்டுனப்பறம்தான் தெரியும். வெயிலுக்கு எல்லாத்துக்கும் வர்றதுதான? என்ற சம்சாரம் சரசு, ஆஸ்பத்திரிக்குப் போலாம் போலாம்னு ஓயாம ஒரே பாட்டுப் பாடுனா. எங்கப்பனுக்குக் கண்ண அறுத்து, அறுத்த கண்ணு அப்படியே போயிருச்சு. அப்பறம் சாகற வரைக்கும் கட்டல உட்டு எறங்கல அவரு. அதுக்காக நான் பயந்தேன்னு நெனைக்காதீங்க. எனக்குத்தான் கையில அத்தாட்சி இருந்துச்சே! எலிய வால்ல புடிச்சுத் தூக்கிட்டுப் போயி வாசல்ல போடுவேன், செவப்பு இறகோட. "மட்டை நுனியில நிக்கற எலிய அடிக்கறவனுக்குக் கண்ணுல கோளாறா? மொதல்ல உன்ற கண்ணக் காட்டு போ"ம்பேன். மாசா மாசம் இதே கதைதான்.

இருங்க, கண்டக்டர் வர்றாராட்ட இருக்குது. ஏனுங்க, உக்கடம் ஒண்ணு... என்னது, எடுத்தாச்சா? ஆரு எடுத்தது? ஏனுங்க... பாருங்க, அவர் பாட்டுக்குப் போறாரு. தம்பி, நீங்க எடுத்தீங்களா? இல்லியா? அப்ப ஆளத் தப்பாச் சொல்றாரு. வரட்டும், திரும்பி வந்தாக் குடுத்துக்கலாம்.

எங்க உட்டேன்? ஆமா, போன மாசம். ஊர்ல கோழிச்சீக்கு வந்து கோழி பூராம் போச்சுங்க. புதுசா அம்பு கட்டறதுக்கு இறகு இல்ல. எங்க ஊட்டுல ரெண்டு வாத்துக் கெடக்குது. சரி, வாத்து இறகாப் போகட்டும்னு பொறுக்கி, அதே செவப்புச் சாயத்துல நனைச்சு, பழசெல்லாம் பிச்செறிஞ்சுட்டு எல்லா அம்புக்கும் புதுசாக் கட்டிட்டேன். அவனுககிட்டச் சொல்லல. சொல்றதுக்கு என்ன இருக்குது? பாக்கறதுக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஆனா தொட்டா வேறங்க. வாத்து இறகு எண்ணெய் தடவுனாப்பல வழுவழுன்னு இருக்கும், கோழி இறகு பொறபொறங்கும்.

அன்னைக்கு மொத எலி உழுந்துச்சு. மயில்சாமி ஓடுனான், கொண்டாந்தான். "இந்தா மச்சான், உன்ற அம்பு!" அம்பப் புடுங்கறதுக்குக் கைய வச்சேன். பொறபொறங்குது.

பழைய அம்பு ஒண்ணு சேந்து வந்திருச்சாட்ட இருக்குதுன்னு நெனச்சேன். ரெண்டாவது எலி. அதுவும் பொறபொற. அடுத்த மரத்துக்குப் போனோம். தண்டபாணி தொரட்டியில குத்தறான், மட்டையில சரசரங்குது. நான் வில்லத் தூக்குனேன். ஆனா அம்பத் தொடுக்கல. வெறும் கயித்த இழுத்து டங்குன்னு உட்டேன்.

பொத்துன்னு சத்தம். "அடிச்சுட்டியே மச்சான்! எப்படீடா இப்படி!"ங்கறான் மயில்சாமி. ஓடிப்போயிக் கொண்டாந்து என்ற கையில குடுக்கறான். செவப்பு அம்பு குத்தி நிக்குதுங்க அதுல. என்ற அம்பெல்லாம் என்ற தோள்பையில இருக்குது. தடவிப் பாத்தேன். கோழி இறகு.

இந்தப் பையில இருக்கறது அந்த அம்புதான். தொட்டுப் பாருங்க. பாத்தீங்களா?

அங்கியே கத்தியிருப்பேன். கத்தலீங்க. பொழுது உழுகற வரைக்கும் அவனுக கூடவே நடந்தேன். வெறும் கயித்தையே இழுத்து இழுத்து உட்டேன், எலி உழுந்துட்டே இருந்துச்சு. ஒவ்வொண்ணுக்கும் அந்த மயில்சாமி போட்ட கூப்பாடு இருக்குதே, அதக் கேட்டுட்டு நின்னேன் பாருங்க, அத எந்தப் பகையாளிக்கும் நான் நெனைக்க மாட்டேன்.

சாளைக்கு வந்தோம். ஊர்க்கோழி இல்லாததால கடைக்கோழி. மயில்சாமி வறுத்தான். எல போட்டு, ஈரல எடுத்து எனக்கு வச்சான். "சாப்புடு மச்சான், உன்ற பங்கு"ங்கறான். நான் அந்த அம்ப எடுத்து எலையில ஈரலுக்குப் பக்கத்துல வச்சேன். "இது ஆரு அம்பு?"ன்னு கேட்டேன்.

"உன்றதுதான். என்ன கேள்வி இது? செவப்புத் தெரியலியா?"ன்னான்.

"என்ற அம்புல வாத்து இறகு கட்டியிருக்கறேன் மாப்ள."

தண்டபாணி இருமுனான். நான் எட்டி மயில்சாமி சாக்குப்பையப் புடுங்கிக் கொட்டுனேன். கட்டுக் கட்டாச் செவப்பு அம்புங்க. அவன்ற மஞ்ச அம்ப விட அதுதான் அதிகமா இருந்திருக்கும். வேலை மெனக்கெட்டு, ஊட்டுல உக்காந்து, சாயத்துல முக்கி, எனக்காகக் கட்டியிருக்கறான்!

"எத்தனை நாளா எனக்குப் பின்னால நின்னு அடிக்கறே?"ன்னு கேட்டேன். அவ்வளவுதான், மயில்சாமிக்கு வாய் கிழிஞ்சுருச்சு. "உனக்குக் கண்ணு தெரியலடா! மூணு வருசமாத் தெரியல! தண்டபாணி தொடையில பாஞ்சது முள்ளுக்கம்பின்னா நெனைக்கறே? உன்ற அம்புடா! அவன் நிக்கறதே தெரியாம உட்டே நீ!"ன்னு கத்தறான்.

"டேய் மயிலு, உடு"ங்கறான் தண்டபாணி.

"எதுக்கு உடறது? நீதான சொல்ல வேண்டாம்னே! சொன்னா வில்லத் தொட மாட்டான், ஊட்ட உட்டு வர மாட்டான், அவங்கப்பன் மாதிரிக் கட்டல்ல உக்காந்துக்குவான்னு நீதானடா அழுதே!"

இத நான் நம்போணுமாங்க? முள்ளுக்கம்பின்னு தண்டபாணி அவன்ற வாயாலயே சொன்னான், கட்டுப் போடறப்ப நானே கூட இருந்தேன். அன்னைக்குச் சொன்னது பொய்னா அவன் பொய்யன். இன்னைக்குச் சொல்றது பொய்னா இவன் பொய்யன். எப்படிப் பாத்தாலும் ஏமாந்தவன் நான்தான? எலைய ஒரே ஒத உட்டுட்டு எந்திரிச்சுட்டேன். வாய்க்கா மேட்டு வழியா நானே நடந்து ஊடு போயிச் சேந்தேன். ரெண்டு எடத்துல உழுந்தேன். பின்னாலயே எவனோ காலத் தேச்சுத் தேச்சு வர்ற சத்தம் கேட்டுச்சு. நான் திரும்பல.

மறுநா பொள்ளாச்சிக்குப் போயிக் கண்ணக் காட்டுனேன். சரசும் கூட வந்தா. டாக்டரம்மா எதையோ பாக்கச் சொல்லி, லைட்டடிச்சுப் பாத்தாங்க. கண்ணுக்குள்ள நீரழுத்தமாம். வலது கண்ணுல போனது போனதுதான், இனி வராதாம். எடது கண்ணையாவது காப்பாத்தலாம், கோயமுத்தூர்ல ஆபரேசன் பண்ணிக்குங்கன்னாங்க. "மூணு வருசம் முன்னால வந்திருந்தா சொட்டு மருந்துலயே நிறுத்தியிருக்கலாமே, ஏன் வரல?"ன்னு கேட்டாங்க.

ஏன் வரல? என்னன்னு சொல்றதுங்க அதுக்கு? எலி அடிச்சுட்டு இருந்தேன்னு சொல்றதா?

இப்பப் புரியுதுங்களா தம்பி? பொண்டாட்டி கால்ல உழாத கொறையாக் கூப்பிட்டா. நான் போகல. ஏன் போகல? என்ற கண்ணு நல்லா இருக்குதுன்னு மாசா மாசம் சான்று குடுத்தவன் மயில்சாமி. ஒரே ஒரு மாசம், ஒரே ஒரு ஞாயித்துக்கெழமை, "உனக்கு ஒண்ணும் உழுகல மச்சான்"னு சொல்லியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமே. திட்டியிருப்பேன், ஒரு மாசம் பேசாம இருந்திருப்பேன், ஆனா போயிருப்பேன். கண்டிப்பாப் போயிருப்பேங்க. நான் தின்னுட்டு வந்த ஈரல் ஒவ்வொண்ணும் என்ற கண்ணு தம்பி. என்ற கண்ண எனக்கே வறுத்துப் போட்டானுக, நானும் ருசியா இருக்குதுன்னு தின்னேன். சொந்தக்காரன் பண்ணியிருந்தாப் சொத்துப் பங்குக்குப் பண்ணுனான்னு மனசத் தேத்திக்கலாம். இவனுக ஒண்ணும் எடுக்கல, ஒரு பைசாவுக்குப் பிரயோசனம் இல்ல அவனுகளுக்கு. அதுதாங்க எனக்கு ஆறவே மாட்டீங்குது.

மயில்சாமி வாசல் கேட்டுப் பக்கம் நின்னு அழுதுட்டுப் போனான். நான் போகல வெளிய. தண்டபாணி தெனமும் காத்தால வந்து மாட்டுக்கொட்டாயில உக்காந்து இருமிட்டுப் போவான். போகச் சொல்லுன்னேன் சரசுகிட்ட. அவ காப்பி கொண்டுபோயிக் குடுக்கறா. அவளும் அந்தக் கட்சிதான்.

இன்னைக்கும் கூட வர்றேன்னு நின்னா. மாடு கன்னு போட்டிருக்குது, நீ இரு, நான் என்ன கொழந்தையான்னேன். மக ஸ்டேண்டுக்கு வர்றேன்னா, அதுவும் வேண்டாம், ஆட்டோப் புடிச்சு நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துர்றேன்னேன். இனி ஒருத்தன் தயவு எனக்கு வேண்டாமுங்க. பாருங்க, ஆனமலையிலிருந்து வந்தேன், பொள்ளாச்சியில வண்டி மாறுனேன். ஒரு சிரமமும் இல்ல. ரோட்டத் தாண்டறப்ப ஆரோ ஒரு புண்ணியவான் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து இந்த வண்டிப் படியில ஏத்தி உட்டான். நன்றிங்கன்னு சொன்னேன், ஒரு வார்த்தை பேசல. இந்தக் காலத்துலயும் அப்படி ஆள்...

இருங்க.

கேட்டுச்சா உங்களுக்கு? கெக்கு, கெக்கு. அப்பறம் அந்த மூச்சு.

திரும்பாதீங்க! திரும்பாதீங்க தம்பி. பைய எடுக்கறாப்பல எந்திரிச்சு, மெதுவாப் பாருங்க. நம்ம சீட்டுக்குப் பின்னால. ஒல்லியா, பச்சைத் துண்டு போட்டுட்டு ஒரு ஆளு? இருக்கறாரா. வாயத் துண்டால பொத்திக்கிட்டாரா. ம்ம்.

அப்ப டிக்கெட்டு எடுத்தது அவன்தான். ரோட்டுல புடிச்ச கையும் அவன்றதுதான். எல்லாம் சரசு பண்ணுன வேலை. பாத்தீங்களா, மறுக்காவும் எனக்குப் பின்னால! இத்தனை நடந்தும் திருந்தல பாருங்க. இப்பவே எந்திரிச்சுப் போயிச் சட்டையப் புடிச்சுக் கேக்கறேன், வண்டி பூராம் கேக்கற மாதிரிக் கேக்கறேன்.

கால எப்படி வச்சிருக்கறான் தம்பி? நீட்டிட்டா? நடையில நீட்டிட்டு உக்காந்திருக்கறானா. வலது கால்தான? மடக்க முடியாது அவனுக்கு.

ஏனுங் தம்பி, உங்ககிட்டக் கேக்கறேன். முள்ளுக்கம்பி கிழிச்சா மேல தோலத்தான கிழிக்கும்? கால் மடங்காமப் போற அளவுக்கு உள்ள போகுமுங்களா?

வேண்டாம், சொல்லாதீங்க.

கிணத்துக்கடவு தாண்டியாச்சா? சரி. உக்கடத்துல எறங்கறப்ப நீங்க என்ற கையப் புடிக்காதீங்க, என்னை உட்டுட்டு முன்னால எறங்கிப் போயிருங்க. ஆராவது வந்து புடிப்பாங்க. ஆருன்னு நான் கேக்க மாட்டேன். நன்றிங்கன்னு மட்டும் சொல்லுவேன். மன்னிச்சுட்டேன்னு நெனைக்காதீங்க, அதெல்லாம் இல்ல. மூணு வருசம் அவன் என்னை ஏமாத்துனான்ல? ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் நான் அவன ஏமாத்தறேன். தெரியாத மாதிரியே வர்றேன்.

இந்த அம்பு வேற கையில இருக்குது. மககிட்ட இதக் காட்டுனா அவன் பக்கத்துலயே நிப்பான். பேசாம இப்படியே சீட்டுக்கடியில போட்டுட்டு எறங்கிரலாமான்னு பாக்கறேன்.

வேண்டாமுங்க, பையிலயே இருக்கட்டும். ஆரு கால்லயாவது குத்திரும்.